பெருவிரல் உறை

தைவானில் எங்கள் ஊரான ஷெதோவில் காலுறை பின்னாத வீடு ஒன்றைக் கண்டுபிடித்தீர்களானால் அது கொய்யாத் தோப்புக்காரர் வீடாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷன். முன்கூடத்தில் நாலு மெஷின் போட்டவன்கூடப் பெயரட்டையில் 'சேர்மன்' என்று அச்சடித்துக்கொள்கிற ஊர் இது. என்னிடமும் ஓர் அட்டைக் கட்டு இருக்கிறது. யாரிடம் கொடுப்பது? எதிரே வருகிறவனும் சேர்மன்தான்.

இங்கே எந்தத் தப்புக்கும் மன்னிப்பு உண்டு. பங்காளியோடு பேசாமல் இருக்கலாம், குடித்துவிட்டுக் கோயில் திருவிழாவில் ரகளை பண்ணலாம். சொரசொரப்பான காலுறையை மட்டும் வெளியே அனுப்பக் கூடாது. மெஷினிலிருந்து விழும்போது காலுறை முரடாக, எண்ணெய் நாற்றத்தோடு, சுருண்டுபோய்த்தான் இருக்கும். அதைத் துவைத்து, துணியை மிருதுவாக்குகிற சாஃப்ட்னர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, இரும்புக் கால் அச்சில் மாட்டி ஆவி காட்டி எடுத்தால்தான் அது காலுறை. அதுவரை அது வெறும் பின்னல். இந்தக் கடைசி வேலையில் பிக்ஹுன் அண்ணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் சாஃப்ட்னரை அளந்து ஊற்றி நான் பார்த்ததே இல்லை. உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, போதும் என்பாள். அவள் கைபட்ட காலுறையை வாங்க வந்தவர்கள் காலில் போட்டுப் பார்ப்பதில்லை, கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார்கள்.

அவள் கணவர் பான்கியாத் அண்ணன் மெஷின் பக்கம். ஒரே சுவர், அந்தப் பக்கம் அவர்கள் கடை, இந்தப் பக்கம் என் கடை. கூடப் பிறந்தவர் இல்லை என்றாலும் எனக்கு ஊசி மாற்றக் கற்றுக்கொடுத்தவர், என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தவர், நான் கட்டிய மனைவி போய்ச் சேர்ந்தபோது என்னைச் சாப்பிட வைத்தவர். அண்ணனும் அண்ணியும் சண்டை போடாத நாள் கிடையாது. "நான் கண்ணி கண்ணியா ஒழுங்கு பண்ணிப் பின்னுறேன், நீ அத்தனையும் வழவழன்னு பூசி மறைச்சிடுற" என்று அவர் கத்துவார். "உங்க கண்ணியப் பாக்க எவன் காலுறை வாங்குறான்?" என்று அவள் கத்துவாள். மெஷின் இரைச்சலைத் தாண்டிக் கத்திக் கத்தி இருவருக்குமே தொண்டை அப்படிப் பழகிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ரேடியோவே தேவைப்பட்டதில்லை.

வியாதி அவர் கையில்தான் ஆரம்பித்தது. ஊசி மாற்றும்போது இடுக்கி நழுவி நழுவி விழுந்தது. வயசாகிவிட்டது என்று நான் கேலி செய்தேன். டாக்டர்கள் நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுப் போகும், மூளை மட்டும் கடைசி வரை வேலைக்கு வரும், காதும் கேட்கும். கை, கால், நாக்கு, பிறகு மூச்சு என்று வரிசையாகப் போயிற்று. தொண்டையில் குழாய் வைத்து, மூச்சு விடுகிற மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலம் கண்ணை அசைத்து ஆமாம், இல்லை என்றார். பிறகு இமைகளும் மூடிக்கொண்டன. மிச்சம் இருந்தது இடது கைப் பெருவிரல் ஒன்றுதான். அதுவும் அசைகிறதா இல்லையா என்பதே தகராறு. அண்ணி அசைந்தது என்பாள். பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு நான் இல்லை என்பேன்.

அந்தச் சமயத்தில் தைச்சுங் நகரத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றுக்கு நான் மாதிரிக் காலுறைகள் பின்னிக்கொண்டிருந்தேன். வெள்ளி பூசிய நூலைச் சாதாரண நூலோடு சேர்த்துப் பின்னிய காலுறை. பாதம் எங்கே அழுத்துகிறது, கணுக்கால் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அந்தக் காலுறையே சொல்லும். வயதானவர்கள் தடுக்கி விழுவதற்கு முன்பே கண்டுபிடிப்பதற்காக என்றார்கள். காவ் என்கிற சின்னப் பெண்தான் அதற்கு இஞ்சினியர். துணிக்கு மெஷின்காரன் இத்தனை வருஷமாகக் கொடுக்காத தொடுவுணர்ச்சியை நீ கொடுக்கப் போகிறாயா என்று முதல் நாள் சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் கொய்யாவைக் கடித்தபடியே விளக்கினாள். பின்னலை இழுத்தால் கண்ணிகள் ஒன்றோடொன்று நெருங்கித் தொட்டுக்கொள்ளும், மின்சாரம் சுலபமாக ஓடும். விட்டால் விலகும், ஓட்டம் குறையும். அவ்வளவுதானாம். மீட்டரில் மாட்டி இழுத்துக் காட்டியதும் என் சிரிப்பு நின்றது.

கணுக்காலுக்குச் செய்கிறதைப் பெருவிரலுக்குச் செய்தால் என்ன என்று அவளைக் கேட்டேன். அவள் அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, செய்யலாம் என்றாள். விரல் அளவுக்கு உறை பின்னுவது லேசான வேலை இல்லை. இறுக்கமாகப் பின்னினால் நாடித் துடிப்புக்கெல்லாம் மணி அடித்தது. தளர்த்தினால் எதற்கும் அடிக்கவில்லை. குப்பைக் கூடை நிறைந்த பிறகு ஒன்று சரியாக வந்தது. அதிலிருந்து இரண்டு கம்பி, ஒரு சின்னப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு மணி. அண்ணன் விரலை அசைத்தால், எங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மணி அடிக்கும்.

அண்ணி சுவரில் எழுத்துப் பலகையை மாட்டினாள். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் மாண்டரின் சீனம் படிக்கிற ஒலி எழுத்துகள். அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள், வேண்டிய எழுத்து வந்ததும் மணி அடிக்கும், அதைக் குறித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. ஆயுள் முழுக்க எங்கள் தைவான் பாஷையில் கத்திக்கொண்ட இரண்டு பேர், இப்போது பள்ளிக்கூடத்து மாண்டரினில் வாத்தியார் மாதிரிப் பேச வேண்டியதாயிற்று. ஒரு நல்ல வசவுகூட அந்த எழுத்தில் எழுத வராது. அண்ணனுக்கு அதுவே பெரிய தண்டனையாக இருந்திருக்கும்.

முதல் வாக்கியம் முடிய அரைப் பொழுது ஆயிற்று. நானும் காவும் பக்கத்திலேயே நின்றோம். அண்ணி எழுத்துகளைச் சேர்த்து வாசித்தாள். மூன்றாம் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது.

"இத்தன மாசம் கழிச்சு வாயத் தெறந்தாரு. பொண்டாட்டி இருக்காளா செத்தாளான்னு ஒரு வார்த்த உண்டா பாத்தியா? ஊசியாம்" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அவள் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். ஊசியின் கொக்கி உடைந்துதான் இருந்தது. படுத்த இடத்தில் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார் மனுஷன்.

உறையை எப்படித் துவைப்பது என்று காவ் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். வெதுவெதுப்பான தண்ணீர், சாதா சோப்பு, கையால் கசக்கணும், வேறு எதுவும் கூடாது. அண்ணி தலையாட்டினாள். அவள் மறக்கவும் இல்லை, மீறவும் இல்லை. துவைக்கிற வேலைக்கு காவ் சொன்ன சோப்பைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் துவைப்பது வேறு, சாஃப்ட்னர் போடுவது வேறு. சாஃப்ட்னர் போடுவதைத் துவைப்பதில் யாரும் சேர்ப்பதே இல்லை. வெள்ளி நூல் முரட்டு நூல். அண்ணன் விரலில் அது சிவப்பாக ஒரு தடம் போட்டுவிட்டது. வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாத மனுஷனுக்குச் சொரசொரப்பான ஒன்றை மாட்டிவிட அண்ணியின் கை வருமா? துவைத்து முடித்ததும் கடைசி வேலை அறைக்குக் கொண்டுபோய், உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சாஃப்ட்னரில் ஊறப்போட்டாள்.

மணிச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. முதலில் சில எழுத்துகள் தவறின. பிறகு ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. ஒரு நாள் அண்ணி எழுத்து வரிசையைக் கடைசி வரை சொன்னாள், திரும்பவும் சொன்னாள், மணி அடிக்கவே இல்லை.

முதலில் கோபம் வந்தது அவளுக்கு. "எம்மேல கோவம்னா கோவம்னு சொல்லிட்டு இருங்க. இப்படி வீம்பு பண்ணாதீங்க" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. டாக்டர் வந்தார். பெருவிரலைத் தூக்கிப் பார்த்தார், எதிர்பார்த்ததுதான் என்றார். எல்லாரும் நம்பினோம். அந்த வியாதி எடுத்ததைத் திருப்பித் தந்ததே கிடையாது, நம்பாமல் என்ன செய்வது? அண்ணி எழுத்துப் பலகையைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

அவரைக் கவனிப்பதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. புரட்டிப் படுக்க வைப்பாள், சளி உறிஞ்சி எடுப்பாள், உடம்பு துடைப்பாள், விரலில் உறையைத் துவைத்துத் துவைத்து மாட்டுவாள். ஆனால் அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நிற்கிற என்னிடம், அவருக்கு நேற்று காய்ச்சல் என்பாள், ஊருக்குப் போனவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. காது கேட்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதில் வராத ஆளிடம் எத்தனை நாள் பேச முடியும் என்று நான் அவளுக்காக நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

கொய்யா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது காவ் வந்தாள். தைச்சுங்கில் இதே வியாதியோடு இன்னொருவர் இருக்கிறாராம், பெட்டியை அவருக்குக் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எடுத்துக்கொள் என்றாள் அண்ணி. காவ் உறையைக் கழற்றி, பழக்கதோஷத்தில் மீட்டரில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. நன்றாக இழுத்தாள், அப்போதும் அசையவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். எங்கள் கடைகளில் எப்போதும் வீசுகிற அதே பூ வாசனை.

"ஆன்ட்டி, இதுல சாஃப்ட்னர் போட்டீங்களா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை அது.

"போடாம? அந்த முரட்ட அப்படியேவா அவரு கையில மாட்டுவேன்?" என்றாள் அண்ணி. பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு காவின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

சாஃப்ட்னர் நூலின்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும், கண்ணியும் கண்ணியும் தொட்டாலும் மின்சாரம் தாண்டாது என்று காவ் சொன்னாள். தானே இதைத் தனியாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அண்ணி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. உறையைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு ஓடினாள். வெந்நீரும் சோப்பும் போட்டு, வாசனை போகும் வரை கசக்கினாள். ஆவி அறையில் உலர்த்தி எடுத்து வந்தாள். நான் வாங்கி அண்ணன் விரலில் மாட்டினேன்.

கம்பியைச் செருகியதும் மணி அடித்தது. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, எழுத்துப் பலகையை எடுப்பதற்கு முன்பே, விட்டு விட்டு, விட்டு விட்டு அடித்தது.

அண்ணி எழுத்துகளைச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் வந்த வாக்கியம்: தினமும் கூப்பிட்டேன். அவள் அதை வாசித்தாள். மறுபடி மணி அடித்தது, மறுபடி எழுத்துகளைச் சொன்னாள். நீ பேசவே இல்லை.

காவ் எழுந்து வெளியே போய்விட்டாள். அண்ணி அவர் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அந்தக் குடும்பம் பழையபடி ஆயிற்று. அண்ணி கட்டில் பக்கத்திலேயே மேசை போட்டுக் காலுறைகளை ஜோடி சேர்த்தாள். வாய் ஓயாமல் பேசினாள். விரலில் தடம் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு பதறும். வலிக்கிறதா என்று கேட்பாள், மணி அடிக்கும். கழற்றிவிடவா என்று கேட்பாள், அடிக்காது. தடத்தைச் சுற்றி மருந்து தடவிவிட்டு, அந்த முரட்டு உறையையே திரும்ப மாட்டுவாள். ஒரு நாள் அவர் எழுதினார்: சேர்மன் பியாவ் பின்னினால் இப்படித்தான் இருக்கும். பியாவ் என்பது நான். அதைப் படித்துக் காட்டிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு கடைத்தெரு வரை கேட்டிருக்கும்.

புத்தாண்டுக்குப் பட்டாசு வெடித்து ஓய்ந்த பிறகு மணி மறுபடியும் நின்றது.

இந்த முறை அண்ணி அழவில்லை. உறையைக் கழற்றிக்கொண்டு நேரே குழாய்க்குப் போனாள். சோப்பு, வெந்நீர், பிறகு வினிகர், மறுபடி சோப்பு. மாட்டினாள், அடிக்கவில்லை, மறுபடி குழாய்க்குப் போனாள். என்னிடம் வந்து புதிதாக ஒன்று பின்னித் தரச் சொன்னாள். பின்னினேன். அதுவும் பேசவில்லை, இன்னொன்று கேட்டாள். காவ் பெட்டியோடு விட்டுப்போயிருந்த மீட்டரில் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் முதல் தரம். அவளிடம், நூல் பழசாக இருக்கலாம் என்றேன், ஈரக் காற்றாக இருக்கலாம் என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ், நுரையீரல் நிரம்பிக்கொண்டு வருகிறது, இனி அதிக நாள் இல்லை என்று வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள். அண்ணியிடமும் சொல்லியாயிற்றாம், அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லையாம். உள்ளே போனேன். அண்ணன் தனியாகக் கிடந்தார். மூச்சு மெஷின் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கொல்லையில் தண்ணீர்ச் சத்தம். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. போகிற மனுஷன் அங்கே, இவள் இங்கே குழாயடியில்.

அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து உறையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். குளிர்த் தண்ணீரில் விரல்களெல்லாம் வெடித்துப் போயிருந்தன. அந்தக் கையைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

"அண்ணி, போதும். உள்ள வாங்க."

"இன்னும் வாசன போகல. நீ மோந்து பாரு."

சோப்பு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. "உறை நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"போன தடவயும் இப்படித்தான எல்லாரும் சொன்னீங்க? வெரல் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு, நீ சொன்ன, நானும் நம்பித் தொலச்சேன். அவரு கூப்பிட்டுக்கிட்டே கெடந்தாரு. இப்பவும் கூப்பிட்டுட்டு இருப்பாரு பியாவ். நீ நல்லா பின்னித் தா."

என் கடையிலிருந்து புது உறையையும், அவர் கட்டிலடியிலிருந்து பெட்டியையும் எடுத்து வந்தேன். அவள் கையைத் துடைத்து, அவளுடைய பெருவிரலில் மாட்டினேன். மடக்குங்கள் என்றேன். மடக்கினாள், மணி அடித்தது. நான் சொல்லாமலே மறுபடியும் மடக்கினாள். இம்மி இம்மியாக அசைத்துப் பார்த்தாள், ஒவ்வொரு அசைவுக்கும் அடித்தது. பழுதில்லாத சரக்கைப் பார்த்து இந்த ஊரில் என்னைப் போல் வயிறெரிந்தவன் யாரும் இருக்க மாட்டான்.

"போன தடவ உறைக்குக் காது கேக்கல, அண்ணி. இந்தத் தடவ அதுக்கு நல்லாக் கேக்குது. அவராலதான் முடியல" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு முறை மடக்கினாள். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு கம்பியைத் தானே பிடுங்கிப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

கட்டிலுக்குப் போவாள் என்று நினைத்தேன். கடைசி வேலை அறைக்குப் போனாள். வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தாள், உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், சாஃப்ட்னரை ஊற்றினாள். உறையை அதில் போட்டு, அவசரமே இல்லாமல், பெரிய ஆர்டருக்குச் செய்கிற அதே நிதானத்தோடு ஊறவைத்தாள். பிழிந்து, ஆவி காட்டி, கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். திருப்தி இல்லை போலிருக்கிறது, மறுபடியும் நனைத்து எடுத்தாள்.

அண்ணன் விரலில் பழைய தடம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. மருந்து தடவி, அதன்மேல் உறையைப் பதமாக மாட்டினாள்.

"இனிமே இது கேக்க வேணாம். சொரசொரன்னு எதுக்கு இருக்கணும்?" என்றாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். எழுத்துப் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. பள்ளிக்கூடத்து மாண்டரின் இல்லை, எங்கள் பாஷை. மூன்றாம் மெஷினைப் பற்றி, என் பின்னலைப் பற்றி, கல்யாணமான புதிதில் அவர் எண்ணெய்க் கையோடு தொட்டுப் பாழாக்கிய அவளுடைய வெள்ளைச் சட்டையைப் பற்றி, வாய்க்கு வந்த வசவெல்லாம் சேர்த்துச் சத்தமாகப் பேசினாள். நான் என் கடைக்குத் திரும்பினேன். நாள் தவறாமல் ஓடுகிற என் மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். அவள் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று, அவர் மூச்சு அடங்குகிற வரை அவற்றை நான் ஓட்டவில்லை.